இரண்டு கையும் ஒரே கையாகிப் போன கதை

அவசரக்காரன் வேதியியலுக்கு வரக்கூடாது. வந்தால் என்ன ஆகும் என்பதற்கு, இன்றுவரை ஜெர்மனி பார்க்காத நானே சாட்சி.

தொண்ணூறுகளின் பிற்பாதி. பெங்களூரில் ஆராய்ச்சி மாணவன். செம்பைப் பிடித்துக்கொள்ளும் மூலக்கூறு ஒன்றைக் கட்டுவது என் வேலை. பாடநூலில் ஈனி; நாங்கள் லிகண்ட் என்போம். நடுவில் பிரிடின் வளையம், இரு பக்கமும் நண்டின் கொடுக்குபோல இரண்டு கைகள். இரண்டும் ஒரே மாதிரி என்றால் யாரும் செய்துவிடுவார்கள் (செய்தும் விட்டார்கள்). எனக்கு வேண்டியது, ஒரு கை ஒரு மாதிரி, மறு கை வேறு மாதிரி. எங்கள் பேராசிரியரின் ஜெர்மானிய நண்பர் அந்த மாதம் வருவதாக இருந்தார். இது சரியாக அமைந்தால் என்னைத் தன் ஆய்வகத்துக்கு அழைத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார்.

முதல் கையை மாட்டியாயிற்று. இரண்டாவதை மாட்டும்போது பக்கத்து மேஜை சாந்தி எட்டிப் பார்த்தாள். ஜீவனஹள்ளிக்காரி, எனக்கு ஒரு வருடம் சீனியர், வாய் பத்து வருடம் சீனியர்.

"டேய், இவ்ளோ சூடு ஏத்தாதே. கைங்க கழண்டு மாறி மாறி மாட்டிக்கும்."

"உங்க குடுவையைப் பாருங்க சாந்திக்கா."

"பிரியாணியா பண்றே? ஐஸ்ல வெச்சு மெதுவா விடுடா."

மெதுவாக விட நேரமேது? கொதிக்கவிட்டேன். செம்பு சேர்த்ததும் பச்சைப் படிகங்கள் பளபளவென்று விழுந்தன. எங்கள் லேபில் யாருக்குப் படிகம் விழுகிறதோ, அவர் மற்ற எல்லோருக்கும் மசால் தோசை வாங்கித் தர வேண்டும். அதுவும் எக்ஸ்ரே எடுத்து அமைப்பைப் பார்த்த பிறகுதான். நான் முன்பே வாங்கிக் கொடுத்தேன். தொம்மலூர் வீட்டில் அப்பாவிடமும் சொன்னேன். அவர் தெரு முழுக்கச் சொன்னார்.

ஜெர்மானியர் முன்னால் நான் பேச வேண்டிய கருத்தரங்கு அன்று காலைதான் எக்ஸ்ரே படம் கைக்கு வந்தது. பிரித்துப் பார்க்கவில்லை. சபையோடு சேர்ந்து முதன்முதலாகப் பார்ப்பதுதான் கம்பீரம் என்று நினைத்தேன் (அந்த வயதில் அதற்குப் பெயர் கம்பீரம்). படம் இருந்த பிளாஸ்டிக் தாளைப் புரொஜெக்டரில் வைத்துவிட்டு, திரைக்கு முதுகைக் காட்டியபடி, இரு கைகளின் வேற்றுமையை விளக்கித் தள்ளினேன்.

ஜெர்மானியர் தலையை இந்தப் பக்கம் சாய்த்தார். அந்தப் பக்கமும் சாய்த்தார்.

"இதில் எந்தக் கை வேறு?" என்று ஆங்கிலத்தில் கேட்டார், மிக மரியாதையாக.

திரும்பினேன். இடதும் வலதும் அச்சு அசல் ஒன்று. கொதிப்பில் கைகள் கழன்று இடம் மாறி, ஒரே கை இரண்டு கொண்டவை மட்டும் படிகமாக விழுந்திருந்தன.

"ஏனப்பா இது?" என்றார் பேராசிரியர், கன்னடத்தில் (என்னப்பா இது என்று அர்த்தம்). கோபம் வந்தால்தான் அவருக்குக் கன்னடம் வரும். சாந்தி சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தாங்கியிருப்பேன்.

பிறகு ஐஸில் வைத்து மெதுவாகச் செய்தேன், சமர்த்தாக வந்தது. அதற்குள் ஜெர்மானியர் வேறு ஊரில் வேறு மாணவனைப் பிடித்துவிட்டார். பட்டம் வாங்கி, ஊரோடு சேர்ந்து நானும் சாஃப்ட்வேருக்குப் போனேன்.

கருத்தரங்கு முடிந்த அன்று மாலை அப்பா கேட்டது ஒன்றுதான்: "எக்ஸ்ரே பாக்காமயாடா சொன்னே?"

அதுவே குடும்ப வழக்காகிவிட்டது. வீட்டில் யார் நல்ல செய்தி சொன்னாலும், "எக்ஸ்ரே பாத்தாச்சா?" என் மகள் கல்லூரியில் இடம் கிடைத்ததாக வந்து சொன்னாள். அம்மா, மனைவி, அப்பா மூவரும் ஒரே குரலில் கேட்டார்கள். நானும் சிரித்தேன். ஆனாலும், "பாத்துட்டேன்பா" என்று அவள் சொல்லும்வரை என் நெஞ்சு அடித்துக்கொண்டேதான் இருந்தது.