ஐஸ் வாங்கப் போனவர்

ஒன்பது மணி பத்து நிமிடத்துக்குத் தூண்டிலை மீன் கடித்தது. பதினோரு மணிக்கு மகளுக்குக் கல்யாணம். விருந்துக்கு ஐஸ் கட்டி வாங்கி வருவதாக வீட்டில் சொல்லிவிட்டுக் கிளம்பிய அல்சீட் வெரே, மிசிசிப்பி ஆறு கடலில் கலக்கும் இடத்து நாணல் காட்டுக்குள் கயாக் என்ற ஒற்றையாள் துடுப்புப் படகில் உட்கார்ந்திருந்தார்.

மனிதரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. கயாக் மீன்பிடிப் போட்டி வருஷத்துக்கு ஒரு நாள்தான். நாலு வருஷமாக அவருக்கு இரண்டாவது இடம். மகள் செலஸ்ட் சரியாக அதே சனிக்கிழமையில் கல்யாணத்தை வைத்தாள். விடிந்ததும் போய் ஒன்பதுக்குள் திரும்பிவிடலாம் என்பது அவர் போட்ட கணக்கு. மீன் அந்தக் கணக்கைக் கேட்கவில்லை.

தூண்டில் கோல் வளைந்தது. கயாக் தானாகவே ஓட ஆரம்பித்தது.

“ஆத்தாடி, ரெட்ஃபிஷ்! என் ராஜாத்தி, எம்புட்டுப் பெருசுடி நீ!”

ராஜாத்தி அவரை வாய்க்கால் வாய்க்காலாக இழுத்துக்கொண்டு பறந்தது. முகமெல்லாம் தண்ணீர் தெறித்தது. ஐம்பத்தாறு வயதில் இப்படி ஒரு சந்தோஷமா! அல்சீட் வாய்விட்டுச் சிரித்தார். அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. கூப்பிட்டது மனைவி ஓடில். காதுக்கும் தோளுக்கும் நடுவில் போனை இடுக்கிக்கொண்டார்.

“ஐஸ் கிடைச்சுதா இல்லையா?”

“வரிசையில நிக்கிறேன். செம கூட்டம்.”

“அதென்ன தண்ணி சலசலங்குது?”

“ஐஸ் உருகுது.”

“அப்ப சீக்கிரம் கொண்டாய்யா! இரு, உன் பொண்ணு பேசணுமாம்.”

“அப்பா...” செலஸ்ட் போனை வாங்கியிருந்தாள். “நீங்க கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போனாத்தான் நான் கோயிலுக்குள்ள காலை வைப்பேன். வந்துடுவீங்கல்ல?”

“வராம எங்கடா போவேன்!”

நூலை அறுத்துவிட்டுக் கிளம்பிவிடுவது என்று கத்தியைக்கூட உருவினார். சனியன் பிடித்த மீன் அப்போதுதான் செம்பு நிற முதுகைத் தூக்கிக் காட்டியது. கத்தி மறுபடி உறைக்குள் போனது.

ஓட்டத்தை நிறுத்த நங்கூரத்தைப் போட்டார். கயாக் நின்றது. மீன் நிற்காமல் நங்கூரக் கயிற்றை மூன்று சுற்றுச் சுற்றியது. கயிற்றை அறுத்தார். அறுத்த வேகத்தில் கயாக் ஒரு பக்கமாகச் சாய, தொப்பி ஆற்றோடு போனது. போட்டிச் சீட்டைத் தொப்பியில்தான் குத்தி வைத்திருந்தார். போட்டி நடத்துபவர்கள் அன்று காலையில் அனுப்பும் எண்ணை அதில் கைப்பட எழுதி, மீனோடு சேர்த்துப் படம் எடுத்து அனுப்ப வேண்டும். இல்லையென்றால் திமிங்கிலத்தையே பிடித்தாலும் செல்லாது.

பத்து மணிக்கு மீன் வலைக்குள் வந்தது. அளவுப் பலகையில் கிடத்தினார். முப்பத்தொன்றரை அங்குலம்!

“முதலிடம்டி தங்கம்!” என்று அதன் தலையில் ஒரு முத்தம் வைத்தார்.

எண் மனப்பாடம். எழுதக் காகிதம்? கல்யாண விருந்தில் படிப்பதற்காக மூன்று வாரம் மண்டையை உடைத்துக்கொண்டு எழுதிய வாழ்த்துரை சட்டைப்பையில் இருந்தது. அதன் பின்பக்கம் எண்ணை எழுதி, மீனுக்குப் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்து அனுப்பினார். விதிப்படி மீனைத் தண்ணீரில் விடத் தூக்கியபோது அது வாலால் ஓர் அடி அடித்தது. வாழ்த்துரையும் அதோடு போய்ச் சேர்ந்தது.

போகட்டும், வாய்க்கு வந்ததைப் பேசிக்கொள்ளலாம் என்று துடுப்பைப் போட்டார். துடுப்பு சேற்றில் குத்தியது. காற்று வடகாற்றாகத் திரும்பி, வாய்க்காலில் இருந்த தண்ணீரையெல்லாம் கடலுக்குத் தள்ளிவிட்டிருந்தது. இறங்கித் தள்ளப் பார்த்தார். இடுப்பு வரை சேறு. கயாக்கைப் பிடித்து இழுத்தார். கயாக் வந்தது, வலது பூட்ஸ் வரவில்லை.

“செலஸ்ட், அப்பனை மன்னிச்சுடும்மா,” என்று அழுதுகொண்டே இழுத்தார்.

படகுத்துறைக்கு வந்தபோது மணி பதினொன்றே கால். போன் சிணுங்கியது. எவனோ முப்பத்திரண்டு அங்குல மீனை அனுப்பி, அவரை மறுபடியும் இரண்டாவது இடத்துக்குத் தள்ளியிருந்தான். அல்சீட் அதை இரண்டாவது தடவை பார்க்கவில்லை. வண்டியில் இருந்த கோட்டைச் சேற்றுக்கு மேலேயே மாட்டிக்கொண்டு கோயிலுக்குப் பறந்தார்.

வாசலில் ஊரே நின்றது. செலஸ்ட் வெள்ளைக் கவுனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடிவந்து, சேறென்றும் பார்க்காமல் கட்டிக்கொண்டாள்.

“ஐஸ் எங்கய்யா?” என்று பல்லைக் கடித்தாள் ஓடில்.

“உருகிடுச்சு.”

“உன்னை அப்புறம் வச்சுக்கறேன். உன் நல்ல காலம், இன்னும் ஆரம்பிக்கல. சாகக் கிடக்கிற யாருக்கோ ஜெபம் பண்ணணும்னு ஃபாதர் விடியக்காலையிலயே போனாராம். இப்பத்தான் பின்வாசல் வழியா வந்தார்.”

வெள்ளை அங்கியில் ஃபாதர் தெரியோ மணப்பெண்ணை வரவேற்க வாசலுக்கு வந்தார். மகளின் கையைப் பிடித்திருந்த அல்சீட்டுக்கு அந்தக் கருணை முகத்தைப் பார்த்ததும் தாங்கவில்லை.

“ஃபாதர், பாவம் பண்ணிட்டேன்,” என்று தழுதழுத்தார். “ஐஸ் வாங்கப் போறேன்னு பொய் சொல்லிட்டு...”

ஃபாதர் அவர் தலையில் கையை வைத்து, காதருகே குனிந்தார்.

“தெரியும் மகனே. அந்த முப்பத்திரண்டு அங்குலம் என்னோடதுதான்.”