நான் கமலை மாடான கதை

வாத்தியார்கள் பிள்ளைகளை அடித்த கதை சொல்வார்கள். நான் அடி வாங்கிய கதை சொல்கிறேன். அடித்தவள் பத்து வயதுப் பெண். பிரம்பு என்னுடையது. பக்கத்தில் நின்று பார்த்தவர் பள்ளி இன்ஸ்பெக்டர். (சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்துக்கொள்ளுங்கள்.)

வெள்ளைக்காரன் காலம். எனக்குப் பத்தொன்பது வயது. மதுரையில் ஆசிரியப் பயிற்சி முடித்து, கடமலைக்குண்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சின்ன வாத்தியாராகச் சேர்ந்திருந்தேன். மீசை இன்னும் சரியாக முளைக்கவில்லை. அகம்பாவம் மட்டும் முழுசாக வளர்ந்திருந்தது. பயிற்சி முடித்ததற்குக் கொடுத்த சர்டிபிகேட்டைத் தகரப்பெட்டியில் பூட்டி வைத்து, தினம் ஒரு தடவை எடுத்துப் பார்ப்பேன். நான் திருத்த முடியாத பிள்ளை இந்த ஜில்லாவிலேயே கிடையாது என்பது என் எண்ணம்.

அப்போதுதான் வீரம்மா என்னிடம் வந்து சேர்ந்தாள். மூன்றாம் வகுப்பு. உட்கார மாட்டாள். பாடம் நடக்கும்போது சுவரோரமாக அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் நடந்துகொண்டே இருப்பாள். மணி அடித்தால் காதைப் பொத்திக்கொண்டு வேப்பமரத்துக்குப் பின்னால் ஓடிவிடுவாள். கேள்வி கேட்டால் என் முகத்தைப் பார்க்காமல் சட்டைப் பித்தானைப் பார்ப்பாள், பதில் வராது. இந்த மாதிரிப் பிள்ளைகளுக்கு இப்போது டாக்டர்கள் ஏதோ பேர் வைத்திருக்கிறார்களாம். அன்றைக்கு ஊர் வைத்திருந்த பேர் 'கிறுக்கு', அவ்வளவுதான்.

இன்ஸ்பெக்டர் வரப்போகிறார் என்று கடிதாசி வந்ததும் பெரிய வாத்தியாருக்கு வியர்த்துவிட்டது. வருகைப் பதிவேட்டைப் புரட்டி வீரம்மா பேரில் விரலை வைத்தார்.

"தம்பி, இந்தப் பிள்ளை பேர அடிச்சிருவோம். இன்ஸ்பெக்டர் பாத்தாகன்னா நம்மளப் பத்தி என்ன நெனப்பாக?"

மகளைக் கொண்டுவந்து விட வந்த அவள் அம்மா வாசலிலேயே நின்றிருந்தாள். பதறிப்போய் உள்ளே வந்துவிட்டாள்.

"அய்யா, பேர மட்டும் அடிச்சிறாதீக. இங்கன நாலு பிள்ளைகளோட இருக்கதுதேன் அவளுக்கு உசுரு. வீட்டுல நிறுத்துனா சோறே திங்க மாட்டேங்கிறா."

பெரிய வாத்தியார் கெட்டவர் இல்லை, பயந்தவர். "சரி. இன்ஸ்பெக்டர் முன்னால உக்காந்து ஒரே ஒரு கேள்விக்குப் பதில் சொல்லிட்டாள்னா பேரு இருக்கும். இல்லாட்டி அன்னைக்கே கோடு போட்ருவேன்."

"அதை நான் பாத்துக்கிறேன் சார்!" என்றேன், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு. (என் வாயில் அப்போதே யாராவது ஒரு கைப்பிடி மண்ணை அள்ளிப் போட்டிருக்கலாம்.)

ஒரு வாரம் அவளை உட்கார வைத்தேன். உட்கார்ந்தால் கருப்பட்டித் துண்டு. எழுந்தால் பிரம்பால் தரையில் ஒரு தட்டு. நான்காம் நாள் உட்கார்ந்துவிட்டாள். பாயை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டு, உதட்டை ரத்தம் வரும்வரை கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் என்ன நினைத்தேன் தெரியுமா? 'ஆகா, திருந்திவிட்டாள்!' அந்த வாரத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. உட்காருவதற்கே அவளுடைய தெம்பெல்லாம் போய்விட்டது என்பது அந்த மடையனுக்குத் தெரியவில்லை.

இன்ஸ்பெக்டர் வருவதற்கு முதல் நாள் சாயங்காலம், பிள்ளையைக் குளிப்பாட்டி அனுப்பச் சொல்லலாம் என்று அவள் அப்பாவைத் தேடித் தோட்டத்துக்குப் போனேன். கமலை ஓடிக்கொண்டிருந்தது. கிணற்றிலிருந்து மாடு கட்டித் தண்ணீர் இறைப்பதுதான் கமலை. மாடுகள் சரிவில் இறங்கினால் தோல் கூனை நிறைந்து மேலே வரும். அதே மாடுகள் திரும்பாமல் பின்னோக்கியே நடந்து மேலேறினால் கூனை மறுபடி கிணற்றுக்குள் இறங்கும். அந்தச் செவலை மாடுகளோடு வடத்தைத் தொட்டபடி வீரம்மா நடந்துகொண்டிருந்தாள்.

"பதினாறு ஒம்பது..." என்றாள் இறங்கும்போது.

"நூத்தி நாப்பத்து நாலு!" என்றாள் ஏறும்போது.

பதினாறாம் வாய்ப்பாடு! பெரிய வகுப்புப் பையன்களே அதைக் கண்டால் ஓடுவார்கள்.

அவள் அப்பா சிரித்தார். "நீங்க பெரிய வகுப்புக்குச் சொல்லிக்குடுத்ததுதேன் சார். ஒரே கூடந்தான, சொவத்தோரமா நடக்கையில கேட்டிருக்கா. நடந்தாத்தேன் அவளுக்கு வாயி வரும்."

புத்தி உள்ளவனாக இருந்தால் அந்த இடத்திலேயே விஷயம் விளங்கியிருக்கும். நான் என்ன சொன்னேன்? "அதெல்லாம் தோட்டத்துக்குச் சரி. பள்ளிக்கூடத்துல உக்காந்துதான் சொல்லணும்." (தகரப்பெட்டிக்குள் இருந்த சர்டிபிகேட் பேசியது.)

மறுநாள் வில்வண்டியில் இன்ஸ்பெக்டர் வந்து இறங்கினார். கோட்டு, வெள்ளைவெளேர் என்று தலைப்பாகை. வீரம்மா முன்வரிசையில் பாயைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பதினாறாம் வாய்ப்பாடே தெரியும் என்று நான்தான் முந்திரிக்கொட்டையாகப் போய்ச் சொன்னேன்.

"அப்படியா? பதினாறு ஏழு எவ்வளவு அம்மா?"

முன்னும் பின்னும் ஆடினாள். மறுபடி கேட்டார். இன்னும் வேகமாக ஆடினாள்.

"இந்தப் பெண்ணுக்குக் காது கேட்குமா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

பெரிய வாத்தியார் பதிவேட்டைத் திறந்து, பேனாவைச் சிவப்பு மையில் தோய்த்தார். வாசலில் நின்ற அவள் அம்மா முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாள்.

அந்தத் தாயின் முகத்தைப் பார்த்தேன். அதற்கப்புறம் நடந்ததெல்லாம் நான் யோசித்துச் செய்ததில்லை. தோளில் கிடந்த துண்டைக் கழுத்தைச் சுற்றிப் போட்டு, இரண்டு முனையையும் வீரம்மா கையில் கொடுத்தேன்.

"ஆத்தா வீரம்மா, எந்திரி. தண்ணி இறைக்கணும்."

நாலு எட்டு முன்னால் நடந்தேன். துண்டு இறுகியது.

"பதினாறு ஒண்ணு..." என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

குனிந்தபடி நாலு எட்டுப் பின்னால் நடந்தேன்.

"பதினாறு!"

முன்னால். பின்னால். முன்னால். பின்னால். "பதினாறு ஏழு... நூத்திப் பன்னெண்டு!" கணீரென்று வந்தது பதில். இன்ஸ்பெக்டர் எழுந்தே விட்டார். கேட்ட கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டதே, போதும் என்று நான் நின்றேன்.

எனக்குத்தான் போதும். அவளுக்கு வாய்ப்பாடு இன்னும் பாதிகூட முடியவில்லை. மேசைமேல் இருந்த என் பிரம்பை எடுத்து முதுகில் சுளீரென்று ஒன்று வைத்தாள்.

"ம்... நட, செவல!"

வகுப்பு கொல்லென்று சிரித்தது. நான் நடந்தேன். வேறு என்ன செய்ய? அடி அப்படி.

பதினொன்றாவது நடையில், நன்றாகக் கேட்க வேண்டும் என்று இன்ஸ்பெக்டர் எனக்குப் பின்பக்கமாக வந்து நின்றிருக்கிறார். மாட்டுக்கு முதுகில் கண்ணா இருக்கிறது? பின்னோக்கி வந்த வேகத்தில் நேராக அவர்மேல் மோதினேன். அவர் மேசைமேல் விழுந்தார். மேசை பெரிய வாத்தியார்மேல் சாய்ந்தது. சிவப்பு மை மொத்தமும் தலைப்பாகையில் கொட்டியது.

வேலை போச்சு என்று முடிவுகட்டினேன்.

"நூத்தி எழுவத்தாறு!" என்றாள் வீரம்மா.

பெரிய வாத்தியார், "ஏ பிள்ள, வாய மூடு!" என்று கத்தினார்.

தரையில் உட்கார்ந்திருந்த இன்ஸ்பெக்டர் கையை உயர்த்தினார். மூக்கிலிருந்து சிவப்பு மை சொட்டிக்கொண்டிருந்தது. "சும்மா இரும் ஐயா! இன்னும் ஐந்து இருக்கிறது. அந்தக் குழந்தை முடிக்கட்டும்." என்னைப் பார்த்து, "நீர் ஏன் நின்றுவிட்டீர்? நடவும்" என்றார்.

நடந்தேன். இருநூற்று ஐம்பத்தாறு வரைக்கும் நடந்தேன்.

போவதற்கு முன் பார்வைப் புத்தகத்தில் எழுதிவைத்தார்: 'இம்மாணவியின் பெயரை நீக்கக் கூடாது. நடந்துகொண்டே படிக்கட்டும். இளைய ஆசிரியருக்குத்தான் இன்னும் கொஞ்சம் பயிற்சி தேவை.' பெரிய வாத்தியார் இதை உரக்க வாசித்தபோது, வீரம்மாவின் அம்மா அழுதுகொண்டே என் காலில் விழ வந்தாள். நான் விலகி ஓடினேன். கும்பிடு வாங்க எனக்கு என்ன யோக்கியதை இருந்தது?

அதன்பிறகு வகுப்பில் சுவரோரம் ஒரு தடம் ஒதுக்கிக் கொடுத்தேன். வீரம்மா ஐந்தாம் வகுப்பு முடிக்கும்வரை அதில் நடந்தே படித்தாள். உட்கார முடியாத இன்னும் இரண்டு பிள்ளைகளும் கூடச் சேர்ந்துகொண்டார்கள். மணிக்குப் பதிலாகக் கையைத் தூக்கிக் காட்டினேன். மயிலாடும்பாறை வரைக்கும் எனக்குக் 'கமலை வாத்தியார்' என்று பேராகிவிட்டது.

இரண்டு வருஷம் கழித்து எனக்குக் கல்யாணம். வீரம்மா காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு வந்து முன்வரிசையில் நின்றாள். தாலி கட்டியாயிற்று. பெண்ணின் முந்தானையை என் துண்டோடு முடிந்து, மணவறையை மூன்று சுற்றுச் சுற்றச் சொன்னார்கள். முதல் எட்டு வைத்தேனோ இல்லையோ, முன்வரிசையில் ஆரம்பித்துவிட்டது.

"பதினாறு ஒண்ணு... பதினாறு!"

மேளக்காரர்கள் வாசிப்பை நிறுத்திவிட்டார்கள். மூன்றாம் சுற்றில் நாற்பத்தெட்டு வந்தது. "போதும், உக்காருங்க" என்றார்கள் பெரியவர்கள். வீரம்மாவைப் பார்த்தேன். முடிந்த துணியையே பார்த்துக்கொண்டு காத்திருந்தாள்.

"இன்னும் பதிமூணு இருக்கு" என்றேன்.

"என்னங்க இது?" என்றாள் மணப்பெண் தலையைக் குனிந்தபடியே.

"நட, அப்புறம் சொல்றேன்."

பதினாறு சுற்றும் சுற்றினோம். பந்தலே கூடச் சேர்ந்து சொன்னது. கடைசியில் வீரம்மா ஒரு தடவை சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"ஊரு ஒலகத்துல எல்லாருக்கும் மூணு சுத்து, எனக்கு மட்டும் பதினாறு. இந்த மனுசங்கிட்ட இருந்து எப்பிடித் தப்பிக்கிறது?" என்று என் மனைவி வருகிறவர்களிடமெல்லாம் சொல்வாள். எங்கள் வீட்டில் யாராவது ஒரு பிள்ளை திக்கித் திணறி எதையோ சொல்ல வரும். அவசரக்காரர் ஒருவர் குறுக்கே விழுந்து பேசப் போவார். உடனே சமையற்கட்டிலிருந்து குரல் வரும்: "கொஞ்சம் பொறுங்க. இன்னும் பதிமூணு இருக்கு!"