பத்தாவது கிரகத்தின் டைம்டேபிள்

வானத்தில் சுற்றும் ஒரு கிரகத்துக்கு டைம்டேபிள் போட்டு ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியவர் உலகத்திலேயே எங்கள் டைம்கீப்பர் அண்ணன் ஒருவர்தான். இதை மறுக்கும் விஞ்ஞானி யாராவது இருந்தால் நேரில் வரட்டும், பேசிக்கொள்ளலாம்.

2012. சிட்னியில் ஹோம்புஷ் ஸ்டேஷனுக்குப் பின்னால் ஒரு ஃபிளாட்டில் ஆளுக்கொரு அறையாக நாங்கள் இருவரும் குடியிருந்தோம். நான் சாஃப்ட்வேர் வேலைக்கு வந்த திருச்சிக்காரன். அவர் வவுனியா பஸ் நிலையத்தில் இருபது வருடம், பஸ்கள் வந்துபோகும் நேரத்தை ட்ரைவர்களின் ஷீட்டில் சரிபார்க்கும் டைம்கீப்பராக இருந்து, படகேறி வந்து, தடுப்பு முகாமில் கிடந்து, தற்காலிக விசாவில் வெளியே வந்தவர். மனைவியும் மகளும் ஊரில். அகதி விசா கிடைத்தால் அவர்களைக் கூப்பிடலாம். கிடைக்காவிட்டால் இவர் திரும்பிப் போக வேண்டும். நேர்காணல் கடிதம் வந்துவிட்டதா என்று தினமும் மூன்று தடவை தபால் பெட்டியைத் திறந்து பார்ப்பார். தபாலே வராத ஞாயிற்றுக்கிழமையும் பார்ப்பார்.

வினை என் வாயால் வந்தது. ஒரு நாள் காலை எட்டு மணிக்கு பேப்பரில் இருந்த செய்தியைச் சத்தமாகப் படித்துத் தொலைத்தேன். கடக நட்சத்திரக் கூட்டத்தில் ஒரு கிரகம், பூமியைப் போல எட்டு மடங்கு எடை, தன் சூரியனை உரசுகிற மாதிரி சுற்றுவதால் கல்லே உருகும் சூடு. ஒரு சுற்றுக்குப் பதினெட்டு மணி நேரம். அங்கே அதுதான் ஒரு வருடம்.

அண்ணன் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார்.

"கடகமோ? வடிவாப் பாத்துச் சொல்லும்."

"ஆமாண்ணே, கடகம்தான்."

"நான் கடகம், பூச நட்சத்திரம். ஒம்பது பேரிட்டப் பட்டது காணாதெண்டு பத்தாவது ஆளும் வந்திட்டான். சனியன் எண்டாலும் ஏழரை வருசத்தில இறங்கிப் போவான். இவன் பதினெட்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கா வாறானே!"

"அண்ணே, அது நாப்பது ஒளியாண்டு தள்ளி இருக்கு."

"தூர இடத்து பஸ்தான் தம்பி கனக்க அடிபடுறது."

அன்று மாலையே டைம்டேபிள் தயார். நான் செய்தி படித்த எட்டு மணிதான் முதல் ட்ரிப் புறப்பட்ட நேரமாம். அதிலிருந்து ஒன்பது மணி நேரம் கிரகம் முன்னால் நிற்கும், ஆபத்து. அடுத்த ஒன்பது மணி நேரம் தன் சூரியனுக்குப் பின்னால் மறைந்திருக்கும், நல்ல நேரம். முன்னால் நிற்கும்போது அண்ணன் கையெழுத்துப் போட மாட்டார், நகம் வெட்ட மாட்டார், ஃபோனை எடுக்க மாட்டார். ஒரு நாள் ரயில் ஹோம்புஷுக்கு நாலு ஐம்பதுக்கே வந்துவிட்டது. கிரகம் மறைவதோ ஐந்து மணிக்கு. மனுஷர் இறங்கவே இல்லை. லிட்கம் வரை போய்விட்டுத் திரும்பி வந்தார்.

கோயிலுக்கும் என்னை இழுத்துக்கொண்டு போனார். அர்ச்சனைக்கு கிரகத்தின் பெயரைக் கேட்டார் ஐயர். பெயர் இல்லை, நம்பர்தான் என்றார் அண்ணன். நம்பருக்கு அர்ச்சனை செய்ய முடியாது என்று ஐயர் கையை விரித்தார்.

"முகாமில என்னையும் நம்பரிலதான் கூப்பிட்டவை ஐயா. எனக்குச் செய்வியள்தானே?"

ஐயர் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

கடைசியில் கடிதம் வந்தது. புதன்கிழமை காலை பத்தரைக்கு நேர்காணல். அண்ணன் ஓடிப்போய் ஃப்ரிட்ஜைப் பார்த்தார். கிரகம் பின்னால் போவது பதினொரு மணிக்கு! அரை மணி நேரம் தள்ளிக் கேட்கலாமா என்று அவருடைய விசா கேஸைப் பார்க்கும் வக்கீலம்மாவிடம் கெஞ்சினார். தேதியை மாற்றினால் அடுத்தது எந்த மாதம் கிடைக்குமோ என்று அவர் மறுத்துவிட்டார். அதன்பிறகு அண்ணன் சரியாகச் சாப்பிடவில்லை. ஒரே சட்டையைத் திரும்பத் திரும்ப அயர்ன் பண்ணினார். இரண்டு தடவை மகளின் பிறந்த தேதியையே மாற்றிச் சொன்னார். நேர்காணலில் ஒரு தேதி பிசகினாலும் சந்தேகம் வந்துவிடும் என்று வக்கீலம்மா எச்சரித்திருந்தார்.

டைம்டேபிள் கணக்கை நானே சரிபார்த்தேன். பேப்பர்காரர்கள் பதினெட்டு என்று முழுசாக்கியிருந்தார்கள். உண்மையில் இருபது நிமிடம் குறைவு. அப்பாடா என்று திருத்திப் போட்டால் நிலைமை இன்னும் மோசம். பத்தரைக்குக் கிரகம் மூக்குக்கு நேரே நிற்கிறது. எட்டு வருட அனுபவமுள்ள இன்ஜினியர் நான், வெட்கமில்லாமல் நடுவில் ஒரு ஒன்பது மணி நேரத்தைச் செருகினேன். புதன்கிழமை காலை முழுக்கக் கிரகம் பின்னால் போய்விட்டது.

புதிய டைம்டேபிளை அண்ணன் பென்சிலோடு வெகுநேரம் பார்த்தார். என்னையும் பார்த்தார்.

"அப்ப சரி தம்பி" என்றார். அன்று இரண்டு தட்டு சோறு சாப்பிட்டார்.

புதன்கிழமை லீவு போட்டுவிட்டு அவரோடு போனேன். லிஃப்டில் ஏற்றி அனுப்பிவிட்டு, கீழே காஃபிக் கடையில் உட்கார்ந்தேன். அப்போதுதான் என்னைப் பிடித்துக்கொண்டது பயம். சாமியே கும்பிடாத நான், கிரகம் இப்போது எங்கே இருக்கும் என்று நிமிடத்துக்கு நிமிடம் கணக்குப் போட்டேன். மூன்று காஃபி குடித்தேன். அண்ணன் இறங்கி வரும்போது மணி மூன்றே கால்.

"எல்லாம் கேட்டவை, எல்லாம் சொன்னனான். வாரும், பசிக்குது" என்றார்.

ஐந்து மாதம் கழித்து முடிவு வந்தது. தபால் பெட்டியருகே நின்றபடியே உறையைக் கிழித்தார்.

"தம்பி, தந்திட்டினம்!" என்று என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதார். எனக்கு மனசாட்சி உறுத்தியது.

"அண்ணே, அந்த டைம்டேபிள்..."

"கள்ள ஷீட் எண்டு அண்டைக்கே தெரியும். ட்ரைவர்மார் நீட்டின கள்ள ஷீட் எத்தினை பாத்தனான்! ஒம்பது மணித்தியாலத்தை எந்த வரியில செருகினனீர் எண்டும் தெரியும்."

"தெரிஞ்சுமா போனீங்க?"

"கணக்கில ஒரு புள்ளி பிசக விடாத பொடியன், எனக்காண்டிப் பிழையா எழுதியிருக்கிறான். இனி எவன் முன்னால நிண்டாலென்ன எண்டு போட்டுப் போனனான்."

இப்போது மனைவி, மகளோடு சிட்னியிலேயே கிரவீனில் இருக்கிறார். அன்று காஃபிக் கடையில் நான் பட்ட பயத்தை என் சொந்த விசாவுக்குக்கூடப் பட்டதில்லை. அவரிடம் இதை நான் சொன்னதே இல்லை. இந்தக் கதை வரும் பத்திரிகையை அவர் ஒரு வரி விடாமல் படிப்பார்.