இறகில்லாத காட்டுச்சேவல்

ஒரு காட்டில், ரேஷன் அட்டைக்கு எழுதிக் கொடுத்துவிட்டு ஆறு மாதமாகக் காத்திருந்த காட்டுப்பூனைக் குடும்பம் ஒன்று இருந்தது. அப்பன் பேர் மாரப்பன், அம்மா பேர் நல்லாத்தா. மூணு குட்டிகள்.

ஒருநாள் மத்தியானம் மாரப்பன் ஒரு காட்டுச்சேவலை அடித்துக் கொண்டுவந்து போட்டது. நல்ல கனம். கழுத்தில் புள்ளி புள்ளியாக இறகு, வாலில் நீலம் மினுங்கியது. மாரப்பனுக்குப் போட்டோ எடுக்க ஆசை, ஆனால் போனில் சார்ஜ் இல்லை. சரி, ஆளுகளையே கூட்டிவந்து காட்டுகிறேன் என்று கிளம்பிவிட்டது.

வேட்டையில் விழுந்ததைச் சொந்தபந்தம் ஏழு வீட்டுக்கும் பங்கு வைப்பது அந்தக் காட்டு வழக்கம். போன தடவை அப்படிப் பங்கு வைத்ததில் குட்டிகளுக்குக் கோழிக்கால் நகம்தான் மிச்சம். மூணும் அதைச் சப்பிக்கொண்டே தூங்கின.

நல்லாத்தா கொஞ்ச நேரம் சேவலையே பார்த்தது. சூடு ஆறுமுன்னே பிடுங்கினால் இறகு லேசாக வரும், ஆறிப்போனால் தோலோடு கிழியும். உட்கார்ந்து பிடுங்க ஆரம்பித்தது. நெஞ்சு, முதுகு எல்லாம் சுலபம். இறக்கையில் இருந்த பெரிய இறகுகள்தான் மல்லுக்கட்டின. அதைப் பல்லால் கடித்து இழுத்தது. மிச்சப் பூமயிரைச் சோளத்தட்டு நெருப்பில் வாட்டி, மஞ்சள் தேய்த்து, வயிற்றைக் கீறிக் குடலை எடுத்துக் கழுவியது.

சொந்தபந்தம் வந்தது. முன்னால் மாரப்பனின் அண்ணன் செங்கோடன். பின்னால் வந்ததெல்லாம் ஆளுக்கொரு தூக்குவாளியோடு. பெரியவங்க வந்தால் எழுந்து நிற்கணும். நல்லாத்தா எழுந்திருக்கவில்லை. இறகு மொத்தமும் அதுக்கு அடியில் இருந்தது.

செங்கோடன் கோழியைப் புரட்டிப் பார்த்தது. "ஏண்டா மாரப்பா, இது கறிக்கடையில தொங்குற கோழியாட்டம் இருக்குது?"

மாரப்பன் தான் பாறை மேலிருந்து பாய்ந்ததை நடித்தே காட்டியது. ஒருத்தரும் நம்பவில்லை. போட்டோ எங்கே என்று கேட்டன. ஒரு இறகையாவது காட்டச் சொன்னன.

"இறகை எங்க புள்ள போட்ட?" என்று மாரப்பன் திரும்பியது.

நல்லாத்தா பெரியவங்க முன்னால் வாய் திறந்ததே கிடையாது. குனிந்த தலை நிமிராமல் சொன்னது:

"எத்தனை நாளைக்குங்க மறைக்கிறது? மாமாகிட்ட உண்மையைச் சொல்லிப்போடுங்க. சந்தையில வாங்குனதுதானுங்க."

விலைக்கு வாங்கினதில் பங்கு கிடையாது. செங்கோடன் தூக்குவாளியை மூடியது. இந்தக் காலத்துப் பூனைக்கு வேட்டை ஒரு கேடா என்று சிரித்துக்கொண்டே எல்லாம் போய்ச் சேர்ந்தன.

மாரப்பன் முகத்தைத் திருப்பி உட்கார்ந்துகொண்டது. குழம்பு கொதித்து இறங்கியது. குட்டிகள் பிறந்ததிலிருந்து முதல்தடவையாகப் போதும் என்று வட்டிலைத் தள்ளின. அப்போது மாரப்பன், திரும்பிப் பார்க்காமலே, தன் வட்டிலைப் பின்பக்கமாக நீட்டியது. நல்லாத்தா ஈரலை எடுத்து அதில் வைத்தது.

நீதி: சொந்தக்காரர்கள் வந்து சேருவதற்குள் இறகைப் பிடுங்கி முடித்துவிட வேண்டும். வீரம் எங்கேயும் போய்விடாது, தொடைக்கறிதான் போய்விடும்.