விதிவிலக்குக்கு ஒரு சொந்த உதாரணம்

இங்கிலாந்து உலகுக்கு அளித்த கொடைகளில் ரயில் தாமதமாக வரலாம், வெயில் வராமலே போகலாம். ஆங்கில எழுத்துக்கூட்டல் விதி மட்டும், தன் விதிவிலக்குகள் புடைசூழ, வியாழன்தோறும் பிள்ளைகளின் பையில் தவறாமல் வந்து இறங்கும்.

அந்த வியாழன் அது நெவில் பார்ட்ரிட்ஜின் சாப்பாட்டு மேசையில், வறுத்த மீனுக்கும் பீன்ஸுக்கும் நடுவே இறங்கியது. நெவில் நகராட்சியில் பள்ளிச் சேர்க்கை அதிகாரி. விதி என்ற சொல் காதில் விழுந்தாலே முதுகு தானாக நிமிர்ந்துவிடும்.

"'ஐ' முதல்ல, 'ஈ' அப்புறம். 'சி'க்குப் பின்னால வந்தா மட்டும் மாத்திப் போடணும்" என்று பத்து வயது மகள் டில்டாவுக்கு ஓதினார்.

"அப்ப 'weird'? 'neighbour'? 'eight'? எதுலயும் 'சி'யே இல்ல. ஆனா 'ஈ' முந்திக்கிட்டு நிக்குதேப்பா?"

"அதெல்லாம் விதிவிலக்கும்மா."

"யாரு விலக்கு குடுத்தா?"

"யாரும் குடுக்கல. அதுங்க ரொம்ப நாளா இங்க இருக்கிற வார்த்தைங்க. போய்க் கேள்வி கேக்க முடியுமா? விதிவிலக்கு இருந்தாத்தான் விதிக்கே மரியாதை."

இந்த அரிய தத்துவத்தை நெவில் அலுவலகத்திலும் வழுவாமல் கடைப்பிடித்தார். அடுத்த வீட்டுப் போலந்துக்காரர்கள், டில்டாவின் உயிர்த்தோழியான தங்கள் மகள் ஜோஷாவுக்கு, தெருக்கோடி உயர்நிலைப் பள்ளியில் இடம் கேட்டு ஒரே ஒரு நாள் தாமதமாக விண்ணப்பித்தார்கள். 'விதிப்படி' இடமில்லை, செப்டம்பரிலிருந்து அவள் இரண்டு பஸ் மாறி வேறு பள்ளிக்குப் போக வேண்டும். கவுன்சிலர் மகன் ஹியூகோவின் விண்ணப்பம் வந்தது ஒரு மாதம் கழித்து. பள்ளி தூரமானால் பிரிவை அவன் நாய் தாங்காது என்ற 'விசேஷச் சூழ்நிலை'யை முன்னிட்டு, அவனுக்கு அங்கேயே இடம் கிடைத்தது.

வீட்டுப்பாடத்தின் கடைசிக் கேள்வி: விதிவிலக்குக்குச் சொந்தமாக ஓர் உதாரணம் தருக. டில்டா யோசிக்கவே இல்லை. எட்டிப் பார்த்த நெவிலுக்குத் தேநீர் புரையேறியது. 'ஹியூகோ' என்று எழுதியிருந்தாள்.

"இது வார்த்தை இல்லம்மா, ஆளு. அழிச்சிடு."

"ஏன், தப்பா?"

"தப்புன்னு சொல்லல..."

"நாயைக் காட்டி இடம் வாங்கிட்டோம்னு அவனே கிளாஸ்ல பீத்திக்கிறான். ஜோஷா அழுதுட்டே இருக்கா. அவங்க வீட்டுல நாய் இல்லப்பா."

"அவங்க விஷயம் வேற."

"ஆமா. அவங்க ரொம்ப நாளா இங்க இல்ல."

நெவில் ஒரு துண்டு மீனை நெடுநேரம் ஆராய்ந்தார். "சரி, சரி. மூடி வை."

"அடியில பெத்தவங்க கையெழுத்து வேணுமாம்." பேனாவை நீட்டினாள். "இடமில்லன்னு ஜோஷாவுக்கு வந்த லெட்டர்ல போட்டிருந்தியே, அதே மாதிரி அழகாப் போடு."