க்ரூஸ் கன்ட்ரோல் பணிந்த படலம்

வாழ்க மாமனார்! வளையாத முதுகும் வணங்காத கழுத்தும் வாய்த்தவர், தோற்ற வழக்குகளைக்கூடத் தலைநிமிர்ந்தே தோற்ற குலத்தில் தோன்றியவர், கொடுத்த பொருளைத் திரும்ப வாங்கியறியாதவர் வாழ்க! திரும்பக் கொடுக்க இதுவரை எவரும் முன்வந்ததில்லை என்பது வேறு செய்தி. அப்பெருமகனார் தம் காரை மகளுக்கும் மாப்பிள்ளைக்கும் கொடையளித்த நாளில் மூண்ட போரைச் சொல்லப் புகுகிறோம். சொல்லும் நாவில் பிசகு நேராதபடி பேட்டரியின் இரு முனைகளும் காத்தருள்க!

போருக்கு வித்திட்டது ஒரு பொத்தான். நெடுஞ்சாலையில் அதை அழுத்தினால், காலை எடுத்த பின்னும் வண்டி வேகம் குன்றாமல் ஓடும். க்ரூஸ் கன்ட்ரோல் என்று பெயர். கொடைக்கு முன் வெள்ளோட்டம் நடந்தது. பின்சீட்டில், பட்டத்து யானைமேல் வந்த பகையரசரைப் போல மாப்பிள்ளையின் தகப்பனார் வீற்றிருந்தார். மாமனார் கட்டைவிரலை உயர்த்தினார், எண்திசையும் காண அழுத்தினார், காலைத் தூக்கினார். வண்டியோ, கூலி கிடைக்காத படையைப் போல மெல்ல மெல்லத் தளர்ந்தது. ஒரு குப்பை லாரி முந்திக்கொண்டு போனது.

"என்ன சம்பந்தி, பட்டன் சும்மா அழகுக்குத்தானா?" என்றார் பின்சீட்டு வேந்தர். "பரவால்ல விடுங்க. பழசுன்னா அப்படி இப்படித்தான் இருக்கும்."

பழசு! வேல் பாய்ந்த புண் ஆறும், வாள் கிழித்த புண் ஆறும். மகளுக்குக் கொடுக்கும் பொருளைச் சம்பந்தி 'பழசு' என்ற புண்ணுக்கு எந்த மருத்துவனும் பச்சிலை கண்டதில்லை. 'பரவால்ல' என்பதோ அந்த வேலின் நுனியில் தடவிய நஞ்சு.

வீடு திரும்பியதும், "எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுடலாமே மாமா," என்றார் மாப்பிள்ளை, நன்மை செய்வதாக எண்ணி.

"நம்ம வீட்டு வண்டியோட வாயை வெளியாள் திறந்து பார்க்குறதா? நான் பார்த்துக்கறேன் மாப்பிள்ளை. உங்கப்பாவுக்குக் காபி குடுங்க. அது ஆறுறதுக்குள்ள வண்டி ரெடி!"

என்று வஞ்சினம் கூறிக் களம் புகுந்தார் மாமனார். முதலில் ஃபியூஸ் பெட்டியின் கோட்டைக் கதவைத் தகர்த்து, உள்ளே ஒளிந்திருந்த ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, பிடிபட்ட ஒற்றர்களை விசாரிக்கும் வேந்தரைப் போல வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து உறுத்து நோக்கினார். எல்லாம் குற்றமற்றவை. அவற்றை மன்னித்து மீண்டும் குடியமர்த்தியபோது ஒன்று இடம் மாறியதால் ஹாரன் ஊமையானது. அதற்குப் பேச்சு வரவழைப்பதற்குள் காபி ஆறியது. பிறகு, பிரேக்கை மிதித்தால் க்ரூஸ் கன்ட்ரோலை ஓயவைக்கும், மிதியின் உச்சியிலுள்ள சுவிட்சைத் தேடி, ஸ்டியரிங்கின் கீழே இருள்சூழ் குகைக்குள் தலைகீழாய் இறங்கினார். அவருடைய கால்கள் இரண்டும் கதவுக்கு வெளியே, வீழ்ந்த கொடிமரங்களைப் போல, இல்லை, குலப்பெருமை கருதி, சாய்த்து வைத்த கொடிமரங்களைப் போல நீட்டிக்கொண்டிருந்தன. சுவிட்சும் நல்ல சுவிட்சே. அடுத்த காபியும் ஆறியது.

வாசலில் சம்பந்தியின் குரல் கேட்டது. "சம்பந்தி உள்ள இருக்காரா, இல்ல வண்டி முழுங்கிருச்சா?"

அப்போது, கையில் காலிக் கோப்பையுடன் வந்து நின்றார் வீட்டம்மாள்.

"ஏங்க, போன மாசம் கல்யாணத்துக்குப் போறப்ப அது வேலை செஞ்சுதே. காலை மடக்கிப் போட்டுக்கிட்டு ராஜா மாதிரி ஓட்டினீங்களே. அப்புறம் வண்டியில என்னத்த மாத்தினோம்?"

குகைக்குள் தலை இடிபடும் ஓசை.

"அந்தக் கண்ணைப் பறிக்கிற பல்பு மட்டும்தானே?"

ஆம். வண்டி புறப்படும்போது பின்தொடர்ந்து வரும் சம்பந்தி வீட்டாரின் கண் கூச வேண்டும் என்றே, பல்லாண்டு ஊழியம் செய்த பிரேக் விளக்கு பல்புகளை நாடு கடத்திவிட்டு, ஊழித்தீ உமிழும் எல்இடி விளக்குகளை அரியணை ஏற்றியிருந்தார் மாமனார். அந்த வண்டியின் க்ரூஸ் கன்ட்ரோலோ, பழைய பல்பின் இழை வழியே சிறிது மின்சாரம் போய் வந்தால்தான் பிரேக் விளக்கு நலம் என்று நம்பி வேலைக்கு வரும். புது விளக்கில் அந்த இழையே இல்லை. ஆக, வண்டி குற்றமற்றது. குற்றம் எங்கே இருந்தது என்பதைச் சொல்ல நம் பேனா கூசுகிறது. அதன் கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன.

"பழைய பல்பைத் தூக்கிப் போட்டாச்சேடி," என்றது குகை, ஈனக் குரலில்.

"நான் எதைத் தூக்கிப் போட்டிருக்கேன்? உங்களையே வச்சிருக்கேன்ல," என்ற அம்மையார், தையல் பெட்டியிலிருந்து பழைய பல்புகளைக் கொண்டுவந்து கொடுத்தார். சம்பந்தி சிரித்த சிரிப்பில் கொடிமரங்கள் நடுங்கின.

பல்புகள் மாறின. "ஏறுங்க சம்பந்தி!" என்று கர்ஜித்தார் மாமனார். மறுபடியும் நெடுஞ்சாலை, மறுபடியும் கட்டைவிரல். அழுத்தினார். காலைத் தூக்கினார். ஆகா! மேடு கண்டு அஞ்சாமல், பள்ளம் கண்டு துள்ளாமல், கடிவாளம் வேண்டாத குதிரையைப் போல, மூதாதையர் அனைவரும் மேகங்களின் விளிம்பில் வரிசைகட்டி நின்று பூமாரி பொழிய, அதே குப்பை லாரியைப் புறங்கண்டு, நூலிழை வேகமும் குறையாமல் விரைந்தது வண்டி! குலத்தின் கறை துடைக்கப்பட்டது! மாமனார் மார்பை விரித்து, மீசையை நீவி, "இப்ப சொல்லுங்க சம்பந்தி, இதுவா பழசு?" என்று முழங்கிக் கண்ணாடியில் பின்சீட்டை நோக்கினார்.

சம்பந்தி வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தார்.