முப்பத்தேழாவது மாடு

"இந்த முப்பத்தேழு எந்த மாடு?" என்று மேடம் கேட்டதும் டெக்னீஷியன் ரிசல்ட் தாளை எட்டிப் பார்த்தான்.

அந்த மாடு அவன்தான்.

பண்ணைகளில் மாடுகளுக்குத் தோல் நோய், முதுகெல்லாம் பொருக்கு. அந்தப் பொருக்கிலுள்ள பாக்டீரியாவின் மரபணுவைப் பார்த்து, எது எந்த வகை என்று பிரிப்பதுதான் இந்த ஆய்வுக்கூடத்தின் வேலை. போன வாரம் அவனுடைய முழங்கையிலும் அதே மாதிரி ஒரு பொருக்கு. டாக்டரிடம் போனால், 'தோல் நோய்க்காரனுக்கு உள்ளே இடமில்லை' என்று அனுப்பிவிடுவார்கள். வேலை நிரந்தரம் ஆகப்போகிற நேரம் பார்த்தா வீட்டில் உட்காருவது? ஆகவே, வந்திருந்த முப்பத்தாறு மாடுகளோடு தன் முழங்கையையும் கமுக்கமாக மெஷினில் ஏற்றிவிட்டான்.

நல்லவேளை, மாட்டு நோய் இல்லை. முப்பத்தாறும் ஒரே வகை, முப்பத்தேழு தனி. அப்பாடா என்று மூச்சு விடப் போனவன் அடுத்த வரியைப் பார்த்தான். முப்பத்தெட்டு என்று ஒன்று இருந்தது, அச்சு அசலாக அவனுடைய வகை!

தன்னிடமிருந்து ஏதோ மாட்டுக்கு ஒட்டிக்கொண்டதா? அவன் ஜென்மத்தில் ஒரு மாட்டைத் தொட்டதில்லை.

"முப்பத்தெட்டு எங்கேர்ந்து வந்துச்சு மேடம்?"

"அதை விடு. முப்பத்தேழைச் சொல்லு." மேடம் கோட்டின் கையை மணிக்கட்டு வரை இழுத்துவிட்டுக்கொண்டார். அவ்வளவு புழுக்கத்திலும் ஒரு வாரமாக அவர் கோட்டைக் கழற்றவில்லை.

"அது... ஒரு கிழட்டு மாடு மேடம்."

"நான் பாக்கணும். டிரைவரை வண்டி எடுக்கச் சொல்லு."

"வித்துட்டாங்களாம் மேடம்."

"ஐயையோ, போற இடமெல்லாம் பரப்புமே! வாங்கினது யாரு?"

"வாங்கினவர் வீடு போய்ச் சேர்றதுக்குள்ள செத்துப்போச்சாம்."

இத்தோடு தொல்லை தீர்ந்தது என்று நினைத்தான். மேடம் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். முகத்தில் ஈயாடவில்லை.

"செத்துருச்சா? இந்த வியாதியிலயா?"

"ஆமா மேடம். துடிதுடிச்சு."

மேடத்தின் கண் கலங்கிவிட்டது. ஒரு மாட்டுக்காக இப்படி உருகுகிறவரை அவன் பார்த்ததே இல்லை. அவர் போனை எடுத்தார்.

"யாருக்கு மேடம்?"

"மேலிடத்துக்கு. எல்லாப் பண்ணையையும் இன்னிக்கே மூடணும். கூட இருந்த மாடுங்களைக் கொன்னு புதைக்கணும்."

முப்பத்தாறு மாடுகளும் வரிசையாக நின்று தன்னையே பார்ப்பது போலிருந்தது அவனுக்கு. வேலை போனால் போகட்டும் என்று அவர் காலடியிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"மேடம், அது சாகலை! உசிரோட உங்க முன்னாடிதான் இருக்கு!"

சட்டைக் கையைச் சுருட்டி முழங்கையைக் காட்டினான். மேடம் அந்தப் பொருக்கை உற்றுப் பார்த்தார். பிறகு இருவரும் மாறி மாறி உட்காரும் நாற்காலியின் கைப்பிடியைப் பார்த்தார். போனை வைத்தார். போன உயிர் திரும்பி வந்தது. கூடவே கோபமும் வந்தது.

"அறிவிருக்கா உனக்கு? மனுஷப் பொருக்கை மாட்டோட சேக்கறதா? சர்க்கார் மெஷின் என்ன உன் வீட்டு மிக்ஸியா? இப்பவே உன்னை வேலையை விட்டுத் தூக்கறேன்!"

சாவியோடு வாசலில் காத்திருந்த டிரைவர் மெல்லத் தலையைச் சொறிந்தார்.

"அப்ப மேடம், உங்க முழங்கையில சுரண்டி, கடைசியா மெஷின்ல வைன்னு என்கிட்ட குடுத்தீங்களே முப்பத்தெட்டு, அதையும் மாட்டுக் கணக்குலேர்ந்து எடுத்துரலாமா?"